பிள்ளைகளைத் தேடுமுன் பெரியவர்களைத் தேடுவோம்: சாரணர் குழுச் செயற்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பெற்றோர் ஆதரவுக் குழுவினருக்கும் வணக்கம்.

வரவிருக்கும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் உறுப்பினர் சேர்க்கைக்கு முதலிடம் தரப்பட்டிருப்பது மகிழ்ச்சி அளிக்கிறது. அதன்கீழ் உள்ள முன்மொழிவுதான் என்னைத் தயங்க வைக்கிறது. குறும்படம் ஒன்று தயாரிப்பது, சமூக ஊடகங்களில் கட்டண விளம்பரம் செய்வது, சமூக மன்றத்தில் சாவடி அமைத்துப் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சட்டை வழங்குவது ஆகிய மூன்றுக்கும் நம் சேமிப்பின் பெரும்பகுதியை ஒதுக்கலாம் என்கிறது அது. அதைத் தயாரித்தவர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆயினும் அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன். நம் குழுவில் முதலில் குறைந்தவர்கள் பெரியவர்கள். பிள்ளைகள் குறைந்தது அதற்குப் பிறகு, அதனால்.

கூட்டம் வழக்கம்போல் ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் நான் துணைக்கு அழைக்க நினைக்கும் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் பெரும்பாலும் தமிழில் படிப்பவர்கள். நம் கூட்டத்திற்கு அவர்களை நாம் அழைத்ததும் இல்லை. ஆகவே இதைத் தமிழிலும், எல்லாரும் படிக்கும்படி திறந்த மடலாகவும் எழுதுகிறேன்.

எண்ணிக்கை குறைவதற்கு நம் கையில் இல்லாத காரணங்களும் உண்டு. சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம் (ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை) 2013இல் 1.19ஆக இருந்தது, 2023இல் முதன்முறையாக ஒன்றுக்குக் கீழே இறங்கி 0.97ஆனது. பிள்ளைப்பேற்றுக்கு நல்லதெனச் சீனர்கள் கருதும் டிராகன் ஆண்டான 2024இலும் அது ஏறவில்லை. 2023இல் பிறந்த குழந்தைகள் 2036இல்தான் உயர்நிலை ஒன்றில் காலடி வைப்பார்கள் என்பதால், பிள்ளைகளின் தொகை இன்னும் சுருங்கவே போகிறது. பள்ளிகளும் குறைகின்றன. 2019இல் 28 பள்ளிகள் இணைக்கப்பட்டு 14 ஆயின. அவற்றுள் எட்டுத் தொடக்கக் கல்லூரிகள் நான்காயின. இரு பள்ளிகளிலும் சாரணர் பிரிவு இருந்திருந்தால், இணைந்தபின் எஞ்சுவது ஒன்றுதான். இவற்றையெல்லாம் எந்தக் குறும்படமும் மாற்றிவிடாது.

இன்னொரு மாற்றத்தைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. காட்டுக்குள் நடப்பதும், கூடாரம் அடிப்பதும், காயாக் ஓட்டுவதும் ஒரு காலத்தில் சீருடைக் குழுக்களில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே வாய்த்தன. இன்று உயர்நிலை மூன்று மாணவர்களுக்கு ஐந்து நாள் அவுட்வர்ட் பவுண்ட் முகாம் பள்ளி வழியாகவே கிடைக்கிறது. 1967 முதல் புலாவ் உபினில் இயங்கிவரும் அந்த அமைப்பின் வசதிகளுக்கும் முழுநேரப் பயிற்றுநர்களுக்கும் நம் பழைய கூடாரங்கள் ஈடாகா. எனவே “சாகசத்திற்கு வாருங்கள்” என்று விளம்பரம் செய்தால், மற்றவர்கள் நம்மைவிடச் சிறப்பாகத் தரும் ஒன்றையே நாமும் கூவி விற்றவர்கள் ஆவோம். ஐந்து நாள் முகாமால் தர முடியாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதுவே இப்போது குலைந்து கிடப்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணியத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் நடத்திய முதல் முகாமுக்குச் சென்ற சிறுவர்கள் ஏறத்தாழ இருபது பேர்தான். அவர்களை அவர் நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். சாரணியத்தின் உயிர்நாடி அந்த ஏற்பாடுதான். பதினான்கு வயதுப் பையன் பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தீ மூட்டக் கற்றுத் தருகிறான். மழையில் அடுப்பு அணைந்தால் ஆறு பேருக்கு இரவு உணவு இல்லை என்ற பொறுப்பு அவன் தலையில் விழுகிறது. பெரியவர் சற்றுத் தள்ளி நின்று, கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறார். அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன் ஈராண்டு கழித்துத் தலைவனாகிறான். ஒரே சிறு கூட்டம் பல ஆண்டுகள் சேர்ந்தே வளரும்போதுதான் இது கைகூடும்.

இந்த ஏற்பாடு நடக்க ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கை தேவை. இருபத்துநான்கு பேர் இருந்தால் நான்கு அணிகள் அமைகின்றன. ஒன்பது பேராகிவிட்டால் ஓர் அணிதான் மிஞ்சும், அதற்கும் தலைவர் பெரியவரே. அவர் கற்பிக்கிறார், பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கேட்கிறார்கள். வாரம் முழுவதும் பள்ளியிலும் துணைப்பாட வகுப்பிலும் உட்கார்ந்த பிள்ளைக்குச் சனிக்கிழமையும் இன்னொரு வகுப்பாகிறது. வழிநடத்த ஆள் இல்லாத பதினைந்து வயதுப் பையன் முதலில் விலகுகிறான். அவனைப் பார்த்துச் சேர்ந்த பன்னிரண்டு வயதுப் பையன் அடுத்து விலகுகிறான். எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் சுமந்த தொண்டூழியர் களைத்துப் போய் மூன்றாவதாக விலகுகிறார். அவர் போனதும் முகாமுக்கு வேண்டிய இரண்டாவது பெரியவர் இல்லை என்பதால் முகாம் ரத்தாகிறது; நிகழ்ச்சிகள் அறைக்குள் சுருங்குகின்றன; இன்னும் இருவர் போகிறார்கள். கடந்த சில ஆண்டுகளில் நம் சாரணர் பிரிவில் நடந்தது இதுதான். அறிக்கைகளில் நாம் இதை “ஆர்வக் குறைவு” என்று எழுதினோம்.

ஆர்வம் குறையவில்லை என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. சென்ற ஆண்டு நம் குருளைச் சாரணர் பிரிவில் இடம் கேட்டு வந்த தொடக்கப்பள்ளிப் பெற்றோர் சிலரை, கூடுதல் பிள்ளைகளைக் கவனிக்க ஆள் இல்லை என்று சொல்லி நாமே திருப்பி அனுப்பினோம். வாசலில் வந்து நின்றவர்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டு, வீட்டில் இருப்பவர்களை அழைக்கப் படம் எடுக்கப்போகிறோம்.

பிற நாடுகளின் அனுபவமும் இதையே காட்டுகிறது. பிரிட்டனில் பல ஆண்டுகளாகச் சரிந்துவந்த சாரணர் எண்ணிக்கை, இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டின் நடுப்பகுதியில் திரும்பி, கொவிட் வரும்வரை தொடர்ந்து கூடியது. பெண்பிள்ளைகளுக்கு எல்லாப் பிரிவுகளையும் திறந்துவிட்டதும் பாடத்திட்டத்தைப் புதுப்பித்ததும் அதற்குத் துணைநின்றன. ஆயினும் அந்த வளர்ச்சிக் காலம் முழுவதும் பல்லாயிரம் பிள்ளைகள் காத்திருப்புப் பட்டியலில் இருந்தார்கள். அவர்களைச் சேர்க்க முடியாமற்போனதற்கு முதன்மைக் காரணம் பெரியவர் பற்றாக்குறை. அதனால்தான் அங்கே, வாரந்தோறும் வர இயலாதவர்களும் மாதம் ஒருமுறையோ பருவத்திற்கு ஒருமுறையோ உதவும்படி தொண்டூழியத்தைத் தளர்த்தி அமைக்க முனைந்தார்கள். நமக்கு மிக அருகில் இந்தோனேசியாவின் பிரமுகா இயக்கம் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்களுடன் உலகிலேயே மிகப் பெரிய சாரணர் அமைப்பாக இருக்கிறது. ஆனால் அங்கே 2013ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் அதைப் பள்ளிகளில் கட்டாயமாக்கியிருந்தது. அக்கட்டாயம் 2024இல்தான் நீக்கப்பட்டது. கட்டாயத்தால் சேர்ந்த எண்ணிக்கையை நாம் அளவுகோலாகக் கொள்ள முடியாது. (உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கை நம்மிடமும் கட்டாயம்தான் என்பதைச் சற்றே அடக்கத்துடன் நினைவில் கொள்ளலாம்.)

பெண்பிள்ளைகளைச் சேர்ப்பது பற்றியும் கூட்டத்தில் கேள்வி எழும். பெண் சாரணியர் இயக்கம் 1917 முதல் தனியே இயங்கிவரும் நாட்டில் அது நம் குழு மட்டும் முடிவு செய்யக்கூடியது அன்று. இம்மடலில் அதை விட்டுவிடுகிறேன்.

இனி, பெரியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். “சிங்கப்பூரில் யாருக்கும் நேரமில்லை” என்ற பதிலைச் செயற்குழுவில் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்பவர்கள் ஒருமுறை தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை நடந்து பார்க்க வேண்டும். 1968 முதல் தைப்பூசம் இங்கே பொது விடுமுறை நாள் இல்லை. வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தலில் நிற்பவர்களும், விடியுமுன்பே அன்னதானத்துக்குக் காய் நறுக்குபவர்களும், கூட்டத்தை ஒழுங்குபடுத்துபவர்களும் அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். நேரமில்லாத சமூகம் இதைச் செய்யாது.

பக்தி என்று ஒரு வார்த்தையில் இதைக் கடந்துவிடலாம், பக்தியும் உண்மைதான். ஆனால் வேலை பகிரப்படும் முறையையும் கவனியுங்கள். அங்கே ஒருவரிடம் ஒரு குறிப்பிட்ட வேலை தரப்படுகிறது. அது எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும் என்பது அவருக்குத் தெரியும். அவரை அழைப்பவர் மாமாவோ அண்ணனோ பக்கத்துப் புளோக்குக்காரரோ, எப்படியும் தெரிந்த ஒருவர். நாம் எப்படி அழைக்கிறோம்? “சாரண ஆசிரியர்கள் தேவை” என்று அறிவிப்பு ஒட்டுகிறோம். அதைப் படிக்கும் பெற்றோருக்குத் தெரிவது சீருடை, அடுக்கடுக்கான பயிற்சிகள், ஆண்டு முழுவதும் ஒவ்வொரு சனிக்கிழமையும், எப்போது முடியும் என்று தெரியாத ஒரு பொறுப்பு. அவர்கள் தயங்குவது வேலையின் அளவைக் கண்டு. அதைச் சோம்பல் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

வேலையைச் சிறிதாக்கிக் கேட்டால் பதில் மாறும் என்று உறுதியாக நம்புகிறேன். நம் பெற்றோரில் முறைநேரத்தில் பணியாற்றும் தாதியர் இருக்கிறார்கள். எல்லாச் சனிக்கிழமைகளும் அவர்களால் இயலாது, முதலுதவி கற்பிக்க இரண்டு பிற்பகல்கள் இயலும். முப்பது பேருக்கு அளவு தவறாமல் சமைக்கத் தெரிந்த அம்மாக்கள் இருக்கிறார்கள். முகாம் சமையலுக்கு அரிசி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று நம் அணித் தலைவர்கள் அவர்களிடம் கற்கலாம். பேரனைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கீழ்த்தள இருக்கையில் இரண்டு மணி நேரம் காத்திருக்கும் தாத்தாக்களில் ஒருவர் செம்பவாங் கப்பல் பட்டறையில் கயிறும் பளுவும் கையாண்டு ஓய்வுபெற்றவர். அவருக்குத் தெரிந்த முடிச்சுகளில் பாதி நம் கையேட்டில் இல்லை. அவரை உள்ளே அழைக்க வேண்டும் என்று நமக்கு இதுவரை தோன்றவில்லை. ஆங்கிலம் சரளமாக வராது என்பதால் அவர் தாமாக வரமாட்டார். முடிச்சைக் கையால் போட்டுக் காட்ட ஆங்கிலம் எதற்கு?

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக இங்கு வந்து குடியேறிய பெற்றோரும் நம்மிடையே பலர். அவர்களுள் பள்ளிக் காலத்தில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் இருந்தவர்கள் உண்டு. அதன் மாநில அளவிலான ராஜ்ய புரஸ்கார் விருது வாங்கியவரையும் எனக்குத் தெரியும். பிள்ளையைச் சேர்க்க அவர்கள் நிரப்பும் படிவத்தில் ஒவ்வாமை, இரத்த வகை, அவசரத் தொடர்பு எண் எல்லாம் கேட்கிறோம், “நீங்கள் சாரணராக இருந்ததுண்டா?” என்ற ஒரு வரி மட்டும் இல்லை. அந்த வரியைச் சேர்க்கச் செலவு எதுவும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சிறிதாக்க வேண்டியது வேலையின் அளவைத்தான். பிள்ளைகளின் பாதுகாப்புக்கான விதிகளில் ஓர் எழுத்தும் தளரக் கூடாது. அமெரிக்கச் சாரணர் அமைப்பு 2020 பிப்ரவரியில் நொடிப்புநிலைப் பாதுகாப்புக் கோரியது. பல பத்தாண்டுகளில் நடந்த பாலியல் துன்புறுத்தல் தொடர்பாக அதன்மீது 80,000க்கும் மேற்பட்ட கோரிக்கைகள் வந்தன. கொவிட்டும், தன் பிள்ளைகளைப் பெருமளவில் அதில் சேர்த்திருந்த மார்மன் திருச்சபை 2019 இறுதியில் விலகியதும் சேர்ந்துகொள்ள, ஏறத்தாழ இருபது லட்சமாக இருந்த இளம் உறுப்பினர் எண்ணிக்கை ஈராண்டுக்குள் பத்து லட்சத்துக்கும் கீழே போனது. 2025இல் அது தன் பெயரையே மாற்றிக்கொண்டது. பெயர் மாற்றம் என்ன செய்யும் என்பது இனிதான் தெரியும். ஒரு பிற்பகல் மட்டும் வந்து முடிச்சு சொல்லித்தரும் தாத்தாவாக இருந்தாலும், அவரைப் பற்றி முறையாக விசாரித்த பிறகே அனுமதிக்க வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையுடனும் தனித்திருக்கக் கூடாது. இவ்விதிகளின் காரணத்தை அவருக்குத் தமிழிலேயே விளக்க வேண்டும். மரியாதைக் குறைவாக அவர் எடுத்துக்கொள்வாரோ என்ற கூச்சத்தால் இதை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.

சேர்க்கையைப் பற்றியே பேசும் நாம், பிள்ளைகள் எந்த வயதில் விலகுகிறார்கள் என்று எழுதி வைப்பதில்லை. எழுதி வைக்காமலே எனக்குத் தெரிந்த இடம் ஒன்று உண்டு: தொடக்கநிலை ஆறு. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ ஆண்டில் பிள்ளை குருளைப் பிரிவிலிருந்து “தற்காலிகமாக” நிறுத்தப்படுகிறது. தேர்வு முடிந்து புதிய பள்ளி, புதிய இணைப்பாட நடவடிக்கை, புதிய நண்பர்கள் என்று வாழ்க்கை மாறியபின், சாரணர் பிரிவில் அதற்கு முகம் தெரிந்தவர் எவரும் இல்லை. திரும்பி வர அதற்கு என்ன காரணம் இருக்கிறது? தொடக்கநிலை ஐந்திலேயே அப்பிள்ளைகளைச் சரிம்பூன் சாரணர் முகாமிடத்தில் மூத்த சாரணர்களோடு ஓரிரவு தங்க வைத்து, ஒவ்வொருவரையும் இன்ன அணிக்கு உரியவர் என்று அப்போதே பெயர் குறித்துவிட்டால், தேர்வு முடிந்த வாரத்தில் அந்த அணித் தலைவரே அழைத்துப் பேசலாம். நாம் பள்ளி சாராத குழு என்பதால் பிள்ளை எந்தப் பள்ளிக்கு மாறினாலும் நம்மிடமே தொடர முடியும். பள்ளிக் குழுக்களுக்கு இல்லாத இந்த வாய்ப்பை நாம் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, இணைப்பாட நடவடிக்கைக்காக மேற்படிப்புச் சேர்க்கையில் கிடைக்கும் புள்ளிகளைப் பற்றியதாகத்தான் இருக்கும். இரண்டு போனஸ் புள்ளிகளுக்காகச் சேரும் பிள்ளை, புள்ளிகள் உறுதியான மறுவாரமே போய்விடக்கூடும் என்பதையும் அவர்களிடம் மறைக்காமல் சொல்லலாம்.

மேலே சொன்ன குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு இன்னொரு வழியும் உண்டு. இந்த ஆண்டு நமக்கு இரண்டு அணிகளுக்கு மேல் அமையாது. அருகிலுள்ள இன்னொரு சிறு குழுவுடன் மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் சேர்ந்து கூடினால் நான்கு அணிகள் அமையும், போட்டி பிறக்கும், பெரியவர்களும் இரட்டிப்பார்கள். கழுத்துக்குட்டையின் நிறம் வேறு, வரலாறு வேறு என்று சில மூத்தவர்கள் வருந்தக்கூடும். அந்த வருத்தத்தை மதிக்கிறேன், ஆனால் அதற்காகப் பிள்ளைகளை ஓர் அறையில் உட்கார வைப்பது நியாயமாகாது.

விளம்பரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் விளம்பரம், சிறு வேலைகள் செய்து சாரணர்கள் நிதி திரட்டும் ஜாப் வீக். சீருடையோடு வீடு வீடாகச் சென்று, சன்னல் துடைத்து, பாத்திரம் கழுவி, நன்கொடை பெறும் பிள்ளையை அந்தப் புளோக்கே பார்க்கிறது. அண்மை ஆண்டுகளில் நம் பிள்ளைகளில் பலர் உறவினர் வீடுகளிலேயே நன்கொடை அட்டையை நிரப்பிவிடுகிறார்கள். கூடப்போக ஆள் இல்லாததே இதற்கும் காரணம். பெற்றோர் இருவர் இருவராக ஒரு மாலை மட்டும் துணைக்கு நடந்தால், குறும்படத்தைவிட அதிகம் பேர் நம்மைப் பார்ப்பார்கள்.

ஆகவே மாற்று முன்மொழிவு ஒன்றைக் கூட்டத்தில் வைக்க விரும்புகிறேன். விளம்பரத்திற்கென ஒதுக்க நினைக்கும் தொகையைத் தொண்டூழியர்களின் முதலுதவிப் பயிற்சிக்கும், சாரணர் பயிற்சி வகுப்புக் கட்டணத்திற்கும், வசதி குறைந்த பிள்ளைகளின் முகாம் செலவுக்கும் திருப்பிவிட வேண்டும். பெரியவர்களைக் கண்டறிவது, விசாரித்துச் சேர்ப்பது, வேலையைப் பகிர்ந்து தருவது, அவர்கள் களைத்துப்போகுமுன் ஓய்வு கொடுப்பது ஆகியவற்றை மட்டுமே பார்க்க ஒருவரை ஓராண்டுக்கு நியமிக்க வேண்டும். அவருக்குப் பிள்ளைகளை நடத்தும் பொறுப்பு எதுவும் தரக் கூடாது. சேர்ந்தவர்களின் எண்ணிக்கையோடு, விலகியவர்களின் வயதையும் காரணத்தையும் செயலாளர் காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கையாகத் தர வேண்டும். ஓராண்டு முடிவில் நடத்தத் தகுந்த பெரியவர்கள் போதுமான அளவு சேர்ந்திருந்தால், அப்போது குறும்படம் எடுப்பதை நானே வழிமொழிவேன்.

இம்முன்மொழிவின் எழுத்து வடிவத்தைச் செயலாளருக்குத் தனியே அனுப்பிவைக்கிறேன். அதைக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ள, வாக்குரிமை உள்ள உறுப்பினர் ஒருவர் வழிமொழிய வேண்டும். முன்வருபவர் கூட்டத்திற்கு முந்திய சனிக்கிழமைக்குள் செயலாளரிடம் பெயரைத் தந்தால் போதும்.

இப்படிக்கு,
குழுவின் சாரண ஆசிரியர்களுள் ஒருவர்